சாப்பாட்டு மேசைக்கு ஏற்ற பூச்சு எது?



வீட்டில் நம் கையால் செய்த சாப்பாட்டு மேசைக்கு எதைப் பூசலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. "இதற்கு ஒரு பேச்சா, ஏதோ ஒரு வார்னிஷை வாங்கித் தடவினால் போகிறது" என்று சிலர் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அதனால் ஒரு பிள்ளையை அநியாயமாகத் திட்டிவிட்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் இருந்தார். மறுநடவுக்காகப் பழைய ரப்பர் மரங்களை வெட்டிய சமயம், மரம் அறுக்கும் ஆலையில் பதப்படுத்திய ரப்பர்ப் பலகைகளை மலிவாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தாமே ஒரு மேசை செய்தார். அதுவரை அவர் வீட்டில் எல்லாரும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். மகன் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவான். மேசை முடிந்ததும் என்னிடம் வந்து, "சார், இதுக்கு என்ன போடலாம்?" என்று கேட்டார். நான் அவசரத்தில் இருந்தேன். "எண்ணெய் போடுங்க அண்ணே, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, அந்தப் பையன் கொடுத்த கணக்குப் புத்தகத்தில் ஒரு தாள் பாதி கிழிந்திருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. "புத்தகத்தை இப்படியா வைத்துக்கொள்வது?" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் திட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். மேசைமேல் கை வைத்தேன், கை ஒட்டிக்கொண்டது. புத்தகத்தை வைத்து எழுதினால் அடித்தாள் மேசையோடு ஒட்டிக்கொள்கிறது, இழுத்தால் கிழிகிறது. நான் சொன்னபடி அவர் எண்ணெய் போட்டிருந்தார். சமையலுக்கு வைத்திருந்த செம்பனை எண்ணெய். மூன்று முறை தடவியிருந்தார்.

"நீங்கதானே சார் எண்ணெய் போடச் சொன்னீங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தலைகுனிவாக இருந்தது. எந்த எண்ணெய் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்லப்போகிறேன்.

நேயர்களே, மேசைக்கு ஏன் பூச்சு வேண்டும்? மரம் செத்துப்போன பின்னும் தண்ணீரைக் குடிக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய குழாய்கள் அவை. பூச்சு இல்லாத பலகையில் மீன்குழம்பு சிந்தினால் அந்தக் குழாய்கள் வழியே உள்ளே போய்விடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் கறை போகாது, வாடையும் போகாது.

நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நான்கு எதிரிகள். முதலாவது தண்ணீர். இரண்டாவது சூடு: கொதிக்கும் கோப்பி, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி, சில வீடுகளில் துணி தேய்க்கும் பெட்டியும்கூட. மூன்றாவது எண்ணெயும் மஞ்சளும். நான்காவது தேய்வு: தட்டு இழுபடுவது, பிள்ளைகள் பென்சிலை அழுத்தி எழுதுவது, தினமும் துடைப்பது. ஒரு பூச்சு நல்லதா என்று கேட்டால், இந்த நான்கையும் அது எவ்வளவு தாங்கும் என்றுதான் பார்க்க வேண்டும். பளபளப்பைப் பார்த்து வாங்கக் கூடாது.

பூச்சுக்கு முன் மரத்தைப் பற்றி ஒரு சொல். ரப்பர் மரம் நமக்குப் புதியதல்ல. 1877-இல் இங்கே கன்றாக வந்து சேர்ந்த நாள்முதல் அதன் பாலைத்தான் எல்லாரும் மதித்தார்கள். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டி விறகாக எரித்தார்கள். காரணம், அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலமாகக் கறுக்கும், வண்டு துளைக்கும். வெட்டியவுடன் அறுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த மருந்தை ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகே அது மேசை நாற்காலிக்கு உகந்த மரமாயிற்று. 1980-களிலிருந்து ஜோகூரின் மூவார் வட்டாரத்தில் இதை வைத்துப் பெரிய தொழிலே வளர்ந்திருக்கிறது.

ஆகவே, தோட்டத்தில் வெட்டிப் போட்ட மரத்தை நேரே அறுத்து மேசை செய்யாதீர்கள். பலகையில் குண்டூசி முனை அளவு துளைகளும், கீழே மாவு போன்ற தூளும் கண்டால் அதற்குள் வண்டு இருக்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த பூச்சும் அந்த மேசையைக் காப்பாற்றாது. மெராந்தி, ஞாத்தோ போன்ற மரங்களும் சாப்பாட்டு மேசைக்கு நல்லவை. சரக்கு வந்த அடுக்குப் பலகைகளைப் பிரித்துச் செய்பவர்கள் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது. எம்.பி. என்று இருந்தால் நச்சுப்புகை காட்டியது. அது சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம்.

இனி பூச்சுகளுக்கு வருவோம். கடையில் பலவகை டின்கள் இருக்கும். பெயர்கள் குழப்பும். உண்மையில் ஐந்து வகைதான்.

முதலாவது எண்ணெய். எண்ணெய்களில் இரண்டு சாதி உண்டு: உலரும் எண்ணெய், உலராத எண்ணெய். உலர்வது என்றால் தண்ணீர்போல ஆவியாகிப் போவதல்ல. காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து, எண்ணெயின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்து, மெல்லிய தோலாக இறுகுவது. ஆளிவிதை எண்ணெய்க்கும் சீனாவின் துங் கொட்டை எண்ணெய்க்கும் அந்தக் குணம் உண்டு. தேங்காய் எண்ணெய்க்கும் செம்பனை எண்ணெய்க்கும் இல்லை. அவை எத்தனை மாதம் ஆனாலும் எண்ணெயாகவே இருக்கும். தூசியைச் சேர்த்துப் பிசுபிசுக்கும். சிக்கு வாடை அடிக்கும். எங்கள் தோட்டத்து மேசைக்கு நேர்ந்தது அதுதான்.

உலரும் எண்ணெய் மரத்துக்குள் ஊறி அழகான நிறம் தரும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். ஆனால் தண்ணீரையும் சூட்டையும் ஓரளவுக்குத்தான் தாங்கும். நம் ஈரப்பதத்தில் ஆளிவிதை எண்ணெய்மேல் பூஞ்சணமும் பிடிக்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை மறுபடி போட வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் அது ஏற்றது.

இரண்டாவது மெழுகு. வெறும் மெழுகு சூடான கோப்பிக் குவளைக்கே இளகிவிடும். மற்றொரு பூச்சின் மேல் மெருகுக்குத் தேய்க்கலாமே தவிர, தனியாக நிற்காது.

மூன்றாவது அரக்கு, அதாவது ஷெலாக். இந்தியாவில் ஜார்கண்ட் பகுதிக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் இது. ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவார்கள். பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் கட்டிய அரக்கு மாளிகையை நினைத்துக்கொள்ளுங்கள். அரக்கும் சூடும் எப்போதும் ஒத்துப்போனதில்லை. சூடான தட்டு வைத்தால் வெள்ளை வளையம் விழும். தண்ணீர் நின்றாலும் அப்படியே. சாராயம் சிந்தினால் கரைந்தே போகும். சாமி படச் சட்டத்துக்கும் பெட்டிக்கும் அரக்கு மிக அழகு. சாப்பாட்டு மேசைக்கு அல்ல. தெளிவான பூச்சு எதையும் "ஷெலாக்" என்றே சொல்லும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஆகவே கடையில் கேட்கும்போது டின்மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

நான்காவது லேக்கர். தின்னரில் கரைந்து வருவது. மருந்தடிப்பது போலத் தெளித்தால் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். அதனால் நாற்காலி செய்யும் தொழிற்சாலைகளுக்கு வசதி. ஆனால் அதன் ஆவி எளிதில் தீப்பற்றும், மூச்சுக்கும் கெடுதி. சமையல் அடுப்பு பக்கத்திலேயே இருக்கும் லயத்து வீட்டில் இதைத் தெளிக்கவே கூடாது.

ஐந்தாவது வார்னிஷ். பிசினையும் உலரும் எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சியது. நம் நாட்டுக் காடுகளில் செங்கால் போன்ற மரங்களிலிருந்து வடியும் டாமார் பிசினும் ஒரு காலத்தில் வார்னிஷ் செய்யக் கப்பலேறியது. இப்போது பெரும்பாலும் செயற்கைப் பிசின்தான். அவற்றுள் பாலியூரிதேன் என்ற பிசின் சேர்ந்த வார்னிஷ் கடினமாக இறுகும். தண்ணீர், எண்ணெய், சாதாரணச் சூடு, தேய்வு ஆகியவற்றை மற்ற நான்கையும்விட நன்றாகத் தாங்கும். படகுக்குப் பூசும் வார்னிஷ் இன்னும் உயர்ந்தது என்று சிலர் நினைப்பார்கள். வெயில் மழையில் மரம் விரிந்து சுருங்கும்போது உடன் வளைந்து கொடுப்பதற்காக அது சற்று மென்மையாகச் செய்யப்பட்டது. வீட்டுக்குள் இருக்கும் மேசைக்குக் கடினமானதே நல்லது.

பாலியூரிதேனிலும் இரண்டு உண்டு. எண்ணெயில் கரைந்தது மெதுவாகக் காயும், வாடை அடிக்கும், மரத்துக்குத் தேன்நிறம் தரும். தண்ணீரில் கலந்தது விரைவில் காயும், வாடை குறைவு, நிறம் மாறாது. குழந்தைகள் இருக்கும் சிறு வீட்டுக்கும், பூசிய பிறகு வீட்டுக்குள்ளேயே காயவைக்க வேண்டியவர்களுக்கும் தண்ணீர் வகையே வசதி. வெளித்திண்ணையில் வைத்துப் பூச இடமிருந்தால் எண்ணெய் வகையை எடுங்கள். முதல்முறை பூசுபவருக்கு அதுவே கைக்கு எளிது.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். லாரியில் கழித்த கறுப்பு எண்ணெயைக் கறையான் வராமல் இருக்க மரத்தில் தடவும் வழக்கம் தோட்டத்தில் உண்டு. வேலிக்கம்பத்துக்குக்கூட அது நல்லதல்ல. சாப்பிடும் மேசையில் படவே கூடாது. பழைய கொட்டகையில் மீந்த சாயமும் வேண்டாம். பழங்காலச் சாயங்களில் ஈயம் கலந்திருக்கலாம். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

எவ்வளவு வாங்குவது? பிள்ளைகளே, பென்சிலை எடுங்கள். ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம் உள்ள மேசைப்பலகையின் பரப்பு பன்னிரண்டரைச் சதுர அடி. மேலும் கீழும் சேர்த்து 25. கால்களும் சட்டமும் சுமார் 12. மொத்தம் 37 சதுர அடி. மூன்று கை பூசினால் 111 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 10 சதுர மீட்டர். ஒரு லிட்டர் டின் ஏறக்குறைய அவ்வளவு இடத்துக்கு வரும். ஆகவே ஒரு லிட்டர் வாங்கினால் போதும். கடைக்காரர் ஐந்து லிட்டரை நீட்டினால் வாங்க வேண்டியதில்லை.

இனி பூசும் முறை. முதலில் மணல்தாளால் தேய்க்க வேண்டும். 80-ஆம் எண் தாள், பிறகு 120, பிறகு 180. மரத்தின் வரி ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும்; குறுக்கே தேய்த்தால் கீறல்கள் பூச்சுக்கு அடியில் பளிச்சென்று தெரியும். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். மரத்தின் நார்கள் எழுந்து நிற்கும். காய்ந்ததும் 180-ஆம் எண் தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியை நீக்குங்கள்.

பூசுவதற்கு நல்ல நேரம் காலை ஒன்பது பத்து மணி. அதற்குள் இரவுப் பனி போயிருக்கும். பிற்பகல் மழைக்கு முன் பூச்சு சற்று இறுகிவிடும். நேர்வெயிலில் பூசாதீர்கள், கொப்புளம் எழும். மாலையில் விளக்கைப் போட்டுக்கொண்டும் பூசாதீர்கள். மழை பெய்த மாலையில் விளக்கைத் தேடி வரும் ஈசல்கள் அத்தனையும் உங்கள் மேசையில் இறக்கையை விட்டுப் போகும். முந்தின நாளே இடத்தைப் பெருக்கி, தரையில் தண்ணீர் தெளித்து வையுங்கள்.

டின்னைக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் நுரை வரும். ஒரு குச்சியால் அடிவரை மெதுவாகக் கலக்குங்கள். எண்ணெய் வகையாக இருந்தால், முதல் கைக்கு மட்டும் டின்னில் சொல்லியிருக்கும் கரைப்பானில் பத்தில் ஒரு பங்கு கலந்தால் மரத்துக்குள் நன்றாக ஊறும். மண்ணெண்ணெய் கலக்காதீர்கள், பூச்சு காய நாளாகும். பெட்ரோல் ஒருபோதும் கூடாது. தண்ணீர் வகையில் கலப்பது தண்ணீர் மட்டுமே. அதுவும் டின்னில் சொல்லியிருந்தால்தான்.

மெல்லிசாகப் பூசுங்கள். ஒரு தடித்த கையைவிட மூன்று மெல்லிய கை மேல். எண்ணெய் வகைக்கு ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் இடையே ஒரு முழு நாள் விடுங்கள். அடைமழைக் காலத்தில் இரண்டு நாள். விரலால் தொட்டால் ஒட்டாமல் இருப்பது மட்டும் போதாது. 240-ஆம் எண் தாளால் தேய்த்தால் வெள்ளைத் தூளாக உதிர வேண்டும். தாளில் உருண்டையாகத் திரண்டால் இன்னும் காயவில்லை. அப்படி லேசாகத் தேய்த்துத் துடைத்த பின்னரே அடுத்த கை. பலகையின் வெட்டு முனைகள் அதிகம் குடிக்கும். அங்கே ஒரு கை கூடுதலாகப் பூசுங்கள். அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். மேலே மட்டும் பூசினால் கீழ்ப்பக்கம் ஈரத்தை வேகமாக வாங்கிப் பலகை வளையக்கூடும்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. உலரும் எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு பிறக்கிறது. விரித்த துணியில் அந்தச் சூடு வெளியேறிவிடும். சுருட்டிய துணியில் உள்ளேயே தங்கி, ஏறி ஏறி, நெருப்புக்குச்சி இல்லாமலே தீப்பற்றும். பலகை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் அதன் விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துணியை வெளியே கொடியில் விரித்து விறைப்பாகும்வரை காயவிடுங்கள். அல்லது தண்ணீர் நிறைந்த டின்னில் முக்கி வையுங்கள்.

பூசி முடித்ததும் உடனே சாப்பிட உட்காரலாமா? எண்ணெய் வகை மேலே காய்ந்தாலும் உள்ளே முழுதும் இறுக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஒரு வாரம் கழித்து மெதுவாகப் பயன்படுத்தத் தொடங்கலாம். ஆனால் அந்த ஒரு மாதமும் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடாதீர்கள். நம் வீடுகளில் புது மேசை வந்ததும் முதல் வேலையாகப் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வாங்கி மூடுவோம். காற்றுப் படாவிட்டால் பூச்சு இறுகாது; விரிப்பும் அதோடு ஒட்டிக்கொள்ளும்.

நன்றாக இறுகிய பின்னும் கொதிக்கும் சட்டியை நேரே வைக்காதீர்கள். ஒரு பலகையோ பிரம்பு வளையமோ அடியில் இருக்கட்டும். துணி தேய்க்கவே வேண்டும் என்றால் தடித்த போர்வையை இரண்டாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். துடைக்க ஈரத்துணியும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். இரும்புநாரும் பாத்திரம் தேய்க்கும் தூளும் பூச்சைக் கீறிவிடும். மஞ்சள் கறை தங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். வெயில் படும் இடத்தில் சில நாள் வைத்தால், மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுத்துவிடும். நாலைந்து ஆண்டில் பூச்சு மங்கினால், லேசாகத் தேய்த்து ஒரே ஒரு கை பூசினால் மேசை மறுபடி புதிதாகும்.

நான் சொன்னதை அப்படியே நம்பவும் வேண்டியதில்லை. மீந்த பலகைத் துண்டில் வாங்கிய பூச்சைப் பூசி, நன்றாக இறுகிய பிறகு நீங்களே சோதித்துப் பாருங்கள். ஓரிடத்தில் சூடான கோப்பிக் குவளையைக் கால்மணி நேரம் வையுங்கள். ஓரிடத்தில் ஈரத்துணியை இரவு முழுதும் வையுங்கள். ஓரிடத்தில் மஞ்சள் கலந்த குழம்பு இரண்டு சொட்டு விடுங்கள். காலையில் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர்களுக்கு அது நல்ல அறிவியல் பாடம்.

அந்த மேசை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் பையனுமாக உட்கார்ந்து, கரைப்பானில் நனைத்த துணியால் எண்ணெயைத் துடைத்துத் துடைத்து எடுத்தோம். மணல்தாள் அடிக்கடி அடைத்துக்கொண்டது. பத்துத் தாளுக்கு மேல் செலவாயிற்று. ஒரு வாரம் காற்றாடவிட்டு, பிறகு பாலியூரிதேன் மூன்று கை பூசினோம். எண்ணெய் ஆழமாக ஊறியிருந்த ஒரு மூலையில் பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் அந்த மூலை கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கிறது. பையனிடம் வகுப்பில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். திட்டியதும் எல்லார் முன்னால்தானே.

இப்போது அந்த வீட்டில் காலையில் பசியாறுவதும் அந்த மேசையில்தான், இரவு வீட்டுப்பாடமும் அதே மேசையில்தான். அவனுடைய புத்தகத்தில் கிழிந்த தாள் ஒன்றும் இல்லை. உழைத்துச் செய்த மேசை பல ஆண்டு நிற்க வேண்டும் என்றால், கடைசியில் பூசும் அந்த மூன்று கைக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும். கேட்பவருக்கு யோசனை சொல்லும் நமக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.